எந்த வண்டி எடுக்கலாமுங்க?

வண்டியைப் பிரித்துப் போட்டால் வண்டிக்காரர் என்ன தொழில் செய்கிறார் என்று சொல்லிவிடலாம். பின்சக்கரத்து ஸ்போக்ஸ் கம்பி தளர்ந்து, ஷாக் அப்சார்பர் எண்ணெய் கக்கியிருந்தால் பால்காரர். கிளட்ச் பிளேட் கருகி, சைடு ஸ்டாண்டு ஸ்பிரிங் தொய்ந்து, செல்ஃப் மோட்டார் கார்பன் தேய்ந்திருந்தால் தண்டல் வசூலுக்குப் போகிறவர். கடைக்குக் கடை நிறுத்தி நிறுத்தி எடுப்பதன் கூலி அது. ஒயரிங் கப்ளரைப் பிரித்ததும் செம்பு முனையெல்லாம் பச்சை பூத்திருக்கிறதா, கோழிப்பண்ணை சூப்பர்வைசர். எருவிலிருந்து கிளம்பும் அம்மோனியா செம்பைச் சும்மா விடாது. பிரேக் ஷூ பளபளவென்று இறுகிப்போய், டிரம்முக்குள் சூடேறிய நிறம் தெரிந்தால் மலைக்காரர்.

இதை ஜோசியம் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. "ஏனுங்க மேஸ்திரி, எந்த வண்டி எடுக்கலாமுங்க?" என்று பட்டறையில் யாராவது கேட்காத நாளே கிடையாது. கேட்கிறவர்கள் மைலேஜைக் கேட்கிறார்கள், பிக்கப்பைக் கேட்கிறார்கள், மாதத் தவணையைக் கேட்கிறார்கள். தாங்கள் தினமும் எங்கே போகிறோம், பின்னால் என்ன ஏற்றுகிறோம் என்பதை மட்டும் நாமாகக் கேட்டால்தான் சொல்வார்கள். என் பட்டறைக்கு வரும் ரிப்பேரில் பெரும்பாலானதைக் கிளறிக்கொண்டே போனால், அந்தக் கேள்வியை ஷோரூமில் யாரும் கேட்காததில்தான் போய் நிற்கும். நல்ல வண்டிதான், நல்ல ஓட்டுநர்தான். இருவரும் ஒருவருக்கொருவர் ஆகாதவர்கள்.

என் பட்டறை நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் போகும் ரோட்டில். சேலம் மாவட்டத்திலிருந்து 1997-இல் நாமக்கல் தனி மாவட்டமானது. அந்தச் சமயத்தில் போட்ட கொட்டகை. இதே ரோட்டில் காளப்பநாயக்கன்பட்டி தாண்டினால் காரவள்ளி அடிவாரம். அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறினால் கொல்லிமலை. இந்தப் பக்கம் திரும்பினால் கோழிப்பண்ணைகள். தெற்கே மோகனூரிலும் பரமத்தி வேலூரிலும் வாழை, வெற்றிலை, கரும்பு. மேற்கே திருச்செங்கோட்டுப் போர்வெல் ரிக் வண்டிகளும் பள்ளிபாளையத்துத் தறிகளும். வடக்கே ராசிபுரம், அதைத் தாண்டினால் சேலம். நாமக்கல்லை லாரி ஊர் என்பார்கள். லாரி கட்டுகிற வெல்டரும், பாடிக்குப் பெயின்ட் அடிக்கிறவரும், லோடு பேசுகிற புரோக்கரும் வேலைக்கு வருவது டூவீலரில்தான். ஆகவே மலை, தார் ரோடு, மண் தடம், நெடுஞ்சாலை நான்கும் ஒரே நாளில் என் பட்டறைக்குள் வந்து நிற்கும்.

தொழில் பழகியது சேலத்தில், குகைப் பக்கம். அப்போது பட்டறையில் நின்றவை திருவொற்றியூரில் செய்த என்ஃபீல்டு புல்லட், மைசூரில் செய்த எஸ்டி, அப்புறம் ராஜ்தூத். புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். புதிதாகத் தொட்டவன் கியரை பிரேக் என்று மிதித்துவிட்டு அலறுவான். பண்ணையம் பெரிதாக உள்ளவர்களும் பைனான்ஸ்காரர்களும்தான் அதை வைத்திருப்பார்கள். மற்றவர்களுக்கு சைக்கிள். வசதி கொஞ்சம் கூடினால் டி.வி.எஸ் 50.

அந்த டி.வி.எஸ் 50-ஐப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1980-இல் ஓசூரிலிருந்து வந்தது. இரண்டு பேர் உட்காரலாம் என்று வந்த முதல் இந்திய மொபெட். எங்கள் பக்கத்து விவசாயி அதில் இரண்டு பேரோடு நிற்கவில்லை. ஒரு மூட்டை புண்ணாக்கும் ஏற்றினார். 1984-இல் அதே ஓசூரிலிருந்து இண்ட் சுசுகி, அடுத்த வருஷம் ஹீரோ ஹோண்டா சி.டி 100, யமஹா ஆர்.எக்ஸ் 100 என்று ஜப்பான் இன்ஜின்கள் வரிசையாக இறங்கின. எங்கள் மேஸ்திரி ஒவ்வொன்றையும் முதல் தடவை பிரிக்கும்போது எங்களைச் சுற்றி உட்காரவைப்பார். கழற்றிய வரிசையில் பழைய பேப்பர் மேல் போல்ட்டுகளை அடுக்க வேண்டும். ஒன்று இடம் மாறினாலும் மண்டையில் ஸ்பேனர் விழும். வாடிக்கைக்காரர் வந்தால் மேஸ்திரி முதலில் வண்டியைத் தொடமாட்டார். "வண்டிக்கு என்னன்னு அப்பறம் கேக்கலாம்டா. காலைல எந்திரிச்சு எங்க போறாருன்னு கேளு" என்பார். இன்றைக்கும் நான் அந்த வரிசையில்தான் கேட்கிறேன்.

பால் சொசைட்டிக்கு ஊற்றுகிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். 40 லிட்டர் கேன் ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம். கேனின் எடையும் சேர்த்தால் 90 கிலோவைத் தொடும். அதுவும் சும்மா இருக்கிற பாரமில்லை, குலுங்குகிற பாரம். பிரேக் பிடித்த பிறகும் பால் முன்னால் தள்ளும். கேன்கள் பின்அச்சுக்கும் பின்னால் தொங்கினால் முன்சக்கரம் இலேசாகி, ஹேண்டில் கையில் நிற்காது. இவருக்கு 125, 150 என்று சிசி கூடிய வண்டி எதற்கு? வேண்டியது உரமான பின்சக்கரம், பதிவான சீட், கேரியர் மாட்ட நேரான சட்டம். எக்ஸ்.எல் வகை மொபெட்தான் இந்த வேலைக்குப் பிறந்தது. முன்னால் கால் வைக்கும் இடத்தில் ஒரு சிலிண்டரோ மூட்டையோ நிற்கும், சீட்டைக் கழற்றினால் பின்னால் முழுக்கக் கேரியர், வண்டியின் சொந்த எடையும் குறைவு. இப்போது வரும் எக்ஸ்.எல் 100, 99.7 சிசி நாலு ஸ்ட்ரோக். பழைய எக்ஸ்.எல் சூப்பர் மாதிரி லிட்டருக்கு 20 மில்லி டூ-டி ஆயில் கலக்கிற வேலை இல்லை. படித்த பையன்கள் அதில் ஏற வெட்கப்படுகிறார்கள். எங்கள் ஜில்லாவில் அதில் முட்டை விற்று வீடு கட்டியவர்கள் இருக்கிறார்கள். வெட்கத்தை அவர்கள் முன்னால் சொல்ல முடியாது.

லோடு ஏற்றுகிறவர்களிடம் நான் அலாய் வீல் வேண்டாம் என்பேன். பார்வைக்கு நன்றாக இருக்கும், டியூப்லெஸ் டயர் போடலாம், ஆணி குத்தினாலும் காற்று மெதுவாக இறங்கும், எல்லாம் சரி. ஆனால் குழியில் இறங்கி ரிம் வெடித்தால் அந்த வீலே போச்சு. கம்பி வீலில் போனது எதுவோ அதை மட்டும் மாற்றலாம். பின்வீலில் 36 கம்பி. வீலை ஸ்டாண்டில் மாட்டிச் சுற்றிவிட்டு, ஸ்க்ரூ டிரைவரின் இரும்புக் கம்பியால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்தால் இறுகியது 'டிங்' என்னும், தளர்ந்தது 'டொக்' என்னும். டொக் சொன்னவுடன் நிப்பிளைத் திருகுகிற பையன் தேற மாட்டான். முதலில் ரிம் எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று பார்க்க வேண்டும். சட்டத்தோடு ஒரு சாக்பீஸ் துண்டை அசையாமல் பிடித்துக்கொண்டு வீலைச் சுற்றினால், துருத்துகிற இடத்தில் மட்டும் வெள்ளைக் கோடு விழும். அந்த இடத்தில் ஒதுங்கிய பக்கத்துக் கம்பியைக் கால் திருகு தளர்த்தி, எதிர்ப்பக்கத்துக் கம்பியைக் கால் திருகு இறுக்க வேண்டும். ஒரேயடியாக இழுத்தால் பக்கவாட்டுக் கோட்டம் போய் மேடுபள்ளக் கோட்டம் வந்து நிற்கும். கோட்டம் எடுப்பதற்கு வாங்குகிற கூலி சொற்பம், பிடிக்கிற நேரம் அதிகம். அதனாலேயே பல பட்டறைகளில் இப்போது செய்வதில்லை. சைக்கிள் கடை வைத்திருந்த பெரியவர்கள் இருக்கும் வரை அவர்களிடம் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம்.

மலைக்கு வருகிறேன். கொல்லிமலையில் சோளக்காடு, செம்மேடு பள்ளிகளுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கீழேயிருந்து தினம் ஏறி இறங்குகிறவர்கள் உண்டு. விடுமுறையில் அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும் ஆகாய கங்கைக்கும் போகிற கூட்டம் தனி. எல்லோரும் ஏற்றத்தைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். "மேஸ்திரி, இந்த வண்டி ரெண்டு பேரோட ஏறுமா?" ஏறும். முதல் கியரில் போனால் எந்த 100 சிசியும் ஏறும், இன்ஜின் சூடானால் வளைவில் ஓரங்கட்டிக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போகலாம். ஆளை விழுங்குவது இறக்கம். பெட்ரோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டுக்கொண்டு வருவார்கள், அல்லது டாப் கியரிலேயே கிளட்சைப் பிடித்துக்கொண்டு முழு நேரமும் பிரேக்கை மிதித்தபடி வருவார்கள். டிரம் பிரேக்கில் ஷூ சூடேற ஏற அதன் பிடிமானம் குறையும். பாதி மலை இறங்குவதற்குள் பெடல் ஆழமாகப் போகும், வண்டி நிற்காது. ஆறின பிறகு ஷூவின் மேல் கெட்டியான பளபளப்பு ஏறியிருக்கும். அப்புறம் சமதரையிலும் சரியாகப் பிடிக்காது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தருகிறவர்கள் உண்டு. ஒரு வாரம் பிடிக்கும். மலைக்குப் போகிறவருக்கு நான் தேய்த்துத் தரமாட்டேன், புது ஷூதான். பின்பிரேக்கின் லீவர் பக்கத்தில் ஓர் அம்புக்குறி இருக்கும். பிரேக்கை முழுக்க மிதித்ததும் அது தட்டிலுள்ள கோட்டைத் தொட்டுவிட்டால் ஷூ தீர்ந்தது. அந்த அம்பைத் தெரிந்து வைத்திருக்கிற வண்டிக்காரரை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே மலைக்காரர் வண்டி எடுக்கும்போது முன்னால் டிஸ்க் இருப்பதாக எடுக்கட்டும். எடுத்த பின் இரண்டாம் கியரில் இன்ஜின் பிடிமானத்தோடு இறங்கப் பழகட்டும். டிஸ்க் இருந்தால் போதும் என்றும் இருந்துவிட முடியாது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், ஈரம் சேர்ந்த ஆயில் சூட்டில் கொதித்துக் குமிழ் விடும், லீவர் பஞ்சு போல உள்ளே போகும். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டிய ஆயிலை வண்டி வாங்கிய நாளிலிருந்து மாற்றாமல் வைத்திருப்பவர்கள்தான் அதிகம். எக்ஸ்.எல் மலைக்கு ஆகாதா என்று கேட்பார்கள். மலைக்காரர்கள் அதில் மிளகு மூட்டையே இறக்குகிறார்கள். என்னால் ஆகாது என்று சொல்ல முடியாது. ஆனால் அதில் கியரைக் குறைத்து வண்டியைப் பிடித்து இறக்க வழியில்லை. வேகம் குறைந்தால் கிளட்ச் தானாக விட்டுவிடும், பாரம் முழுக்க பிரேக் மேல் வந்து விழும். அது தெரிந்து ஓட்டுகிறவருக்குச் சரி.

ரெண்டு ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு இறக்கத்தில் இன்னொரு ஆபத்து. அந்த இன்ஜினுக்கு ஆயில் போவதே பெட்ரோலோடுதான். ஆக்சிலேட்டரை மூடிவிட்டு நீளமாக இறங்கினால் பெட்ரோலும் போகாது, ஆயிலும் போகாது, சிலிண்டர் காய்ந்து பிஸ்டன் ஜாம் ஆகும். நடுநடுவே கிளட்சைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கிவிட வேண்டும். ஆர்.எக்ஸ் 100 தயாரிப்பு 1996-இல் நின்றுவிட்டது. இன்றைக்கு அது கிடைத்தால் பையன்கள் புது வண்டி விலை கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள். சத்தமும் பிக்கப்பும் அப்படி. ஆசைக்கு வைத்துக்கொள்ளலாம், ஞாயிற்றுக்கிழமை ஓட்டலாம். தினம் வேலைக்குப் போக அதை வாங்குகிறவனுக்கு ஸ்பேர் தேடுவதே இன்னொரு வேலையாகிவிடும்.

நெடுஞ்சாலைக்காரர்கள் வேறு ரகம். ரிக் வண்டிக்கு ஆர்டர் பிடிக்கிறவர், கோழி மருந்துக் கம்பெனி ஆள், இன்சூரன்ஸ்காரர். சேலம், நாமக்கல், கரூர் என்று பழைய 7-ஆம் நம்பர், இப்போதைய 44-ஆம் நம்பர் ரோட்டிலேயே பகல் முழுக்க இருப்பார்கள். ஸ்பிளெண்டர் 1994-இல் வந்ததிலிருந்து எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு வண்டி என்றாலே அதுதான். 97.2 சிசி, எந்தக் கிராமத்து முக்கிலும் ஸ்பேர் கிடைக்கும், எந்தப் பையனும் கை வைப்பான். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் வட்டத்துக்குள் ஓட்டுகிறவருக்கு நானே அதைத்தான் சொல்வேன். ஆனால் அதை 75, 80-இல் மணிக்கணக்காக முறுக்கிக்கொண்டு போனால் இன்ஜின் எப்போதும் தன் எல்லையிலேயே ஓடுகிறது. ஆயில் குறைவதும் டைமிங் செயின் கிலுகிலுப்பதும் அதனால்தான். எதிரே டேங்கர் லாரி கடந்தால் இலேசான வண்டி ஆடுவதும் இருக்கிறது. ஐந்து கியர் உள்ள 125, அல்லது 150 இவர்களுக்குப் பொருந்தும். பெட்ரோல் கொஞ்சம் கூடப் போனாலும் முதுகு மிஞ்சும்.

ஆயில் என்றதும் எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். லாரிக்கு ஆயில் மாற்றும்போது கேனில் மிச்சம் இருக்கும். நல்ல ஆயில், விலை கூடின ஆயில், வீணாக்குவானேன் என்று வீட்டு வண்டியில் ஊற்றிவிடுவார்கள். லாரியில் கிளட்ச் தனியாக, காய்ந்து இருக்கிறது. டூவீலரில் கிளட்ச் பிளேட்டுகள் இன்ஜின் ஆயிலுக்குள்ளேயே முங்கிக் கிடக்கின்றன. அதனால்தான் பைக் ஆயில் டப்பாவில் 'ஜாசோ எம்.ஏ' என்று தனியாகப் போட்டிருக்கும். பிளேட் வழுக்காது என்பதற்கான முத்திரை அது. மற்ற ஆயில்கள் சிலவற்றில் வழுக்கலுக்கென்றே சேர்க்கும் மருந்து இருக்கும். அதை ஊற்றினால் இன்ஜின் அலறும், வண்டி நகராது. 10டபிள்யூ-30 போட வேண்டிய சின்ன இன்ஜினில் லாரியின் 15டபிள்யூ-40 போட்டால் குளிர்ந்த காலையில் மேலே ஹெட்டுக்கு ஆயில் ஏறுவதும் தாமதமாகும். இதை நான் எத்தனை லாரி ஓனர்களிடம் சொன்னாலும், "அத்தனை பெரிய லாரிக்கு ஆகுது, இத்தனூண்டு வண்டிக்கு ஆகாதா?" என்றுதான் பதில் வரும்.

வெள்ளைப் புகை விஷயத்தில் வாடிக்கைக்காரர்கள் ரொம்பவும் ஏமாறுகிறார்கள். சைலன்சரில் புகை வந்தாலே, "போர் போச்சு, இன்ஜின் இறக்கணும்" என்று சொல்லிவிடுகிற பட்டறைகள் இருக்கின்றன. புகை எப்போது வருகிறது என்று பார்க்க வேண்டும். இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் எடுக்கும்போது மட்டும் ஒரு கொத்துப் புகை வந்து அப்புறம் நின்றுவிடுகிறதா? பெரும்பாலும் வால்வ் சீல். இரவில் சொட்டிய ஆயில் முதல் ஓட்டத்தில் எரிகிறது. செலவு சின்னது. முறுக்கும்போதெல்லாம் புகை, கூடவே பிக்கப்பும் இல்லை என்றால்தான் ரிங், பிஸ்டன், போர் பக்கம் போக வேண்டும். சிலிண்டரைக் கழற்றிய பிறகும் அவசரம் கூடாது. பழைய ரிங்கை எடுத்துச் சிலிண்டருக்குள் நேராக வைத்து, அதன் இரண்டு முனைக்கும் நடுவே ஃபீலர் கேஜ் விட்டுப் பார்க்க வேண்டும். போரின் மேல்விளிம்பில் நகத்தை ஓட்டினால், ரிங் ஏறி இறங்குகிற எல்லையில் ஒரு படி தட்டும். படி நன்றாகத் தட்டினால் லேத்துக்கு அனுப்ப வேண்டியதுதான். 0.25, 0.50, 0.75, 1.00 என்று ஓவர்சைஸ் பிஸ்டன்கள் இருக்கின்றன. முதல் தடவையே 0.50-க்குத் தாண்டுகிற லேத்துக்காரரிடம் ஏன் என்று கேளுங்கள். ஒரு சைஸ் தாண்டினால் சிலிண்டரின் ஆயுளில் ஒரு வாழ்வு போகிறது. போர் போட்ட வண்டியைக் கையில் கொடுக்கும்போது முதல் 500 கிலோமீட்டருக்கு லோடு வேண்டாம், விரட்ட வேண்டாம் என்று சொல்லித்தான் கொடுப்பேன். மறுநாளே மருமகனையும் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு மலையேறியவரும் உண்டு.

தூசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோழித் தீவனம் அரைக்கிற மில்லுக்குப் போய்வருகிற வண்டிகளின் ஏர் ஃபில்டரைத் தட்டினால் மக்காச்சோள மாவும் சுண்ணாம்புக் கல் பொடியும் கொட்டும். முட்டையின் ஓடு கெட்டியாக இருக்க முட்டைக் கோழிக்குச் சுண்ணாம்புச் சத்து கொடுத்தாக வேண்டும், அந்தப் பொடிதான். காற்று அடைபட்டால் கார்புரேட்டர் வண்டி பெட்ரோலை அதிகம் குடிக்கும். பிளக்கைக் கழற்றினால் கரி அப்பியிருக்கும். செங்கல் நிறம் இருந்தால் சரி, வெளுத்திருந்தால் பெட்ரோல் பற்றவில்லை. மைலேஜ் கொடுக்கவில்லை என்று வருகிறவரிடம் கார்புரேட்டரில் கை வைப்பதற்கு முன் ஃபில்டரைக் கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். அலங்காரத்துக்காக செயின் கவரைக் கழற்றிப்போடுகிற பையன்களுக்கும் இதே தூசிதான் எமன். பின்ஸ்பிராக்கெட்டின் கடைசிப் புள்ளியில் செயினைப் பிடித்து வெளியே இழுத்துப் பாருங்கள். பல்லில் பாதி வெளியே தெரிந்தால் செயின் மட்டும் போட்டுப் பயனில்லை, செட்டாகத்தான் மாற்ற வேண்டும்.

பழைய வண்டி எடுக்கப் போகிறவர்கள் என்னையும் கூட்டிக்கொண்டு போவார்கள். போனதும் நான் இன்ஜினைத் தொட்டுப் பார்ப்பேன். சூடாக இருந்தால், நாங்கள் வருவதற்கு முன்பே ஒரு முறை எடுத்து வைத்திருக்கிறார்கள். காலைப் புகையை எங்களுக்குக் காட்டப் பிரியமில்லை. டீ குடித்துவிட்டு வருகிறோம் என்று சொல்லி ஆறவிட்டுப் பார்க்க வேண்டும். மீட்டரில் 20,000 என்று காட்டும், ஃபுட்ரெஸ்ட் ரப்பரும் கியர் லீவர் ரப்பரும் வழுவழுவென்று தேய்ந்திருக்கும்; ரப்பரைத்தான் நம்ப வேண்டும். சென்டர் ஸ்டாண்டு போட்டு முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை இரண்டு பக்கமும் திருப்பினால், நடுவில் ஒரு இடத்தில் விழுந்து உட்காரும் உணர்வு வந்தால் கோன் செட் போயிருக்கிறது. பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டினால் ஸ்விங் ஆர்ம் புஷ் பேசும். அதெல்லாம் மாற்றிக்கொள்ளலாம். சட்டத்தில் வெல்டு வைத்த தடம் தெரிந்தால் மட்டும் திரும்பி வந்துவிடுவோம்.

காகிதம் இன்னொன்று. சேஸிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் ஆர்.சி-யோடு ஒத்துப் பார்க்க வேண்டும். பைனான்ஸில் எடுத்த வண்டி என்றால் கடன் நீக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 15 வருஷம் முடிந்திருந்தால் ஆர்.டி.ஓ-வில் புதுப்பித்திருக்க வேண்டும், அப்புறம் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை. 29, 30 நம்பர் ஃபாரங்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பெயர் மாற்றாமலேயே வருஷக்கணக்காக ஓட்டுகிறவர்கள் எங்கள் பக்கம் ஏராளம். விற்றவர் வீட்டுக்குப் போலீஸ் வந்த பிறகுதான் அந்தச் சங்கதி பெரிதாகும்.

2020 ஏப்ரல் முதல் பி.எஸ் 6 புகை விதி வந்த பிறகு பட்டறையின் முகமே மாறிவிட்டது. கார்புரேட்டர் போய் இன்ஜெக்டர் வந்தது. ஸ்க்ரூ டிரைவரைக் கால் திருகு திருப்பிக் காதால் டியூனிங் பிடிப்பதில் பேர் வாங்கின எங்களைப் போன்றவர்கள் ஸ்கேனர் வாங்க வேண்டியதாயிற்று. சில வண்டிகளில் மீட்டரில் உள்ள இன்ஜின் விளக்கு மினுக்குகிற கணக்கை வைத்தே கோளாறைச் சொல்லலாம். எனக்கு இதில் வருத்தமில்லை. மலையில் ஏறினாலும் காலைக் குளிரிலும் இந்த வண்டிகள் முரண்டு பிடிப்பதில்லை. வருத்தம் எங்கள் ஆட்கள் பழக்கத்தை மாற்றாததில்தான். ஐம்பது ரூபாய்க்குப் போடு, நூறு ரூபாய்க்குப் போடு என்று டேங்கின் அடியிலேயே ஓட்டிப் பழகியவர்கள். பழைய வண்டியில் ரிசர்வ் இருந்தது, காய்ந்தால் சாய்த்து எடுத்துக்கொண்டு போகலாம். புது வண்டியில் பெட்ரோல் பம்ப் டேங்குக்குள்ளேயே இருக்கிறது, பெட்ரோலில் முங்கியிருந்தால்தான் அது சூடாகாமல் ஓடும். எப்போதும் காயப்போட்டு ஓட்டினால் பம்ப் சீக்கிரம் போகும். ஐம்பது ரூபாயாகப் போட்டு மிச்சம் பிடித்தது எல்லாம் அந்த ஒரு பில்லில் போய்விடும். பேட்டரியும் அப்படித்தான். அது சுத்தமாகச் செத்துவிட்டால் கிக்கரை எவ்வளவு மிதித்தாலும் பம்ப் ஓடாது. எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு, மாதக்கணக்காகத் துணி போட்டு மூடி வைக்கிற பழைய கார்புரேட்டர் வண்டிகளில் ஃப்ளோட் கிண்ணத்தைக் கழற்றினால் தண்ணீர் நிற்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். நிறுத்துவதற்கு முன் பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, கிண்ணத்தில் உள்ளது தீரும்வரை ஓடவிட்டு நிறுத்துங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன்.

போன மாசம் எருமப்பட்டிப் பக்கத்துப் பையன் ஒருவன் வந்தான். கோழிப்பண்ணைகளுக்குத் தடுப்பூசி போடுகிற கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. ஐஸ் பெட்டியில் மருந்தை வைத்துக்கொண்டு பண்ணை பண்ணையாகப் போக வேண்டும், பாதிக்குப் பாதி மண் தடம்.

"200 சிசி எடுக்கலாம்னு இருக்கறேனுங்ண்ணா."

"பொட்டிய எங்க வப்ப?"

"முதுவுல மாட்டிக்குவனுங்."

"மண்ணு ரோட்ல அந்த ஹேண்டில்ல குனிஞ்சுக்கிட்டு, முதுவுல பொட்டியோட?"

125 சிசி, கம்பி வீல், நேரான ஹேண்டில், முழு செயின் கவர் என்று ஒரு வண்டியைக் காட்டினேன். பக்கத்துத் தெருக்காரர் வண்டி, ஓட்டியும் பார்த்தான். இரண்டு வாரம் கழித்து 200 சிசி-யில்தான் வந்து நின்றான். நல்ல வண்டிதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. "முதுவு ரொம்ப வலிக்குதுங்ண்ணா, பின்னால ஒரு கேரியர் போட முடியுமா?" என்றான். அந்த மாதிரி வண்டிகளில் பின்சீட்டுக்கு அடியில் உள்ள சட்டம் மெலிசு, ஆள் உட்காரும் இடத்தைத் தாண்டிப் பின்னால் பாரம் தொங்கினால் வெல்டு விட்டுவிடும். லாரி பாடி கட்டுகிற வெல்டர் ஒருவரிடம் கூட்டிப் போய், பாரம் சீட்டின் மேலேயே உட்காருகிற மாதிரி, கிராப் ரெயில் போல்ட்டுகளில் மாட்டிக் கழற்றும்படி இலேசான பைப்பில் ஒரு சட்டம் கட்டினோம். 10 கிலோவுக்கு மேல் ஏற்றாதே என்று அதன் மேலேயே பெயின்டில் எழுதச் சொன்னேன். வெல்டர் லாரிக்கு எழுதுகிற பெரிய எழுத்தில், பூ வேலையெல்லாம் போட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். ஐஸோடு பெட்டி 8 கிலோ வந்தது.